எங்கள் குலசாமி ஒரு ஜெர்மன்காரர்

என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, கேசரித் தட்டைக் கையில் வாங்கி, ஒரு வாய்கூடப் போடாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, எங்கள் வீட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார்.

பஸ்ஸில் வந்த களைப்பில் மயக்கம் வந்துவிட்டதோ என்று நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

“இவுக எங்க குதிரைக்காரய்யால்ல! எங்க வீட்டுலயும் இருக்காக. இதே குதிரை, இதே மீசை. மதினி, இங்க எப்பிடி வந்தாக?”

என் மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “எங்களுக்கும் இவுகதான் மதினி குலசாமி. நாங்க மீசைக்காரய்யான்னு...” என்று ஆரம்பித்த வாய் பாதியில் நின்றது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா கேசரியை முழுசாகத் தின்று முடித்து, கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் பேசினார். அந்த நிதானத்துக்காகவே அவரை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமின்னா, நாம சம்பந்தி ஆக முடியாது. பங்காளி. பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி.”

எங்கள் பக்கத்துச் சட்டம் அதுதான். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் ஒரே பாட்டனின் வாரிசு. அவர்களுக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கனவிலும் கிடையாது. தரகர் முதலிலேயே விசாரித்திருந்தார். இந்த வீட்டில் மீசைக்காரய்யா, அந்த வீட்டில் குதிரைக்காரய்யா என்று வேறு வேறு பெயர் சொன்னதால், சாமியும் வேறு என்று நிம்மதியாகக் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா என் மாமியாரிடம், “வாரேன்க்கா” என்றார். வரும்போது ‘மதினி’. சம்பந்தி வீட்டுப் பெண்கள்தான் மதினி. பங்காளி வீட்டுப் பெண்கள் அக்கா, தங்கச்சி. எல்லாம் முடிந்துபோனது என்பதை அந்த அம்மா அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மீசை, குதிரை, கத்தி

இது எண்பதுகளின் நடுவில், திருச்சுழியில் தெருவுக்கு ஒரு டிவி வந்தும் வராமலும் இருந்த காலத்தில் நடந்தது. என் மாமனாருக்குக் கடைவீதியில் பருத்தி விதை, புண்ணாக்கு வியாபாரம். பரளச்சிப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் ஒரு கிணறு. நான் அருப்புக்கோட்டையில் பிறந்து, சரித்திரம் படித்து, பள்ளிக்கூடத்தில் வேலையும் பார்த்துக்கொண்டிருந்த மருமகள். அந்த வீட்டில் என் படிப்புக்கு மரியாதை எவ்வளவு என்றால், பால்காரன் கணக்கு தப்பாகச் சொல்லும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை. அதன் மேல் நீலச் சட்டை போட்ட ஒருவர். வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். தலையில் இறகு வைத்த தொப்பி. கையில் உருவிய கத்தி. மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சுருண்டு, அதில் எலுமிச்சம்பழம் வைத்தால் நிற்கும்.

இதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார்களே என்று யாரும் சிரிக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய்க் கரைக்குக் கரை குதிரையில் உட்கார்ந்திருக்கிற சாமிகள்தான். மீசையும் குதிரையும் கத்தியும் ஒரே ஆளிடம் இருந்தால் நாங்கள் விசாரணை வைத்துக்கொள்வதில்லை. சூடத்தைக் கொளுத்திவிடுவோம்.

அதோடு என் புகுந்த வீட்டார், ஏதோ ஒரு பஞ்சத்தில் எந்த ஊரிலிருந்தோ கிளம்பி வந்தவர்கள். வந்த அவசரத்தில் குலசாமியின் பெயரை மறந்துவிட்டார்கள். சட்டி பானையை மறக்கவில்லை, சாமியை மறந்துவிட்டார்கள். குலசாமி இல்லாத வீடு என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையில் இருந்தபோது, மாமனாரின் அப்பா இந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். கவலை தீர்ந்தது.

மாசி மாதம் படையல். கோழிக்குழம்பு, சுருட்டு, ஒரு டம்ளர் பிராந்தி. மாமனார் படத்துக்கு முன்னால் வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டு உள்ளே போவார். வெளியே வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். “அய்யா சாப்ட்டாக” என்பார். அய்யா சாப்பிட்டதற்கு மாமனாரின் கண் எதற்குச் சிவக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரை அளவுக்கு மீறித் திட்டி எழுதிவிட்டேன் என்று நண்பர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனாலும் இதை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கிணற்றுக்குள் இறங்கியவர்

நாத்தனார் மல்லிகா பின்கட்டில், நெல் அவிக்கிற அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவையில் சாம்பல். அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

அதற்கு முன்னால் நாலைந்து வரன்களை அவளே தட்டிக்கழித்தவள். ஒருத்தன் சாப்பிடும்போது சத்தம் போடுகிறான், ஒருத்தன் சத்தமே போடமாட்டேன் என்கிறான் என்று காரணம் சொல்லுவாள். பரளச்சிக் கிணற்றில் மோட்டார் பழுதானபோது, காரியாபட்டியில் பம்புசெட்டு சாமான் கடை வைத்திருந்த தங்கராசு, இந்த மாப்பிள்ளைதான், வந்தான். அன்றைக்கு அவன் மோட்டாரோடு மட்டும்தான் பேசினான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

“கயித்தப் புடிச்சு உள்ள எறங்கினாக மதினி. மேல வார வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. அவுகளப் போயி இனிமே அண்ணேன்னு கூப்பிடணுமாம்ல?”

“யாரு சொன்னது?”

“எங்கம்மாதான். இப்பவே சொல்லிப் பழகிக்கோங்கிறாக.”

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை எட்டி உதைத்திருப்பேன். கூடத்துக்குப் போனேன். அந்த மீசையை நன்றாக முறைத்துப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கு அந்தத் தொப்பி மேல் ஒரு சந்தேகம் இருந்தது. நம் சாமிகள் யாரும் தாடையில் வார் மாட்டித் தொப்பி போட்டு நான் பார்த்ததில்லை.

சந்தனத்துக்கு அடியில்

படத்தின் கீழ்ப்பாகத்துக் கண்ணாடியில் இரண்டு தலைமுறைச் சந்தனம் ஏறிக்கிடந்தது. முக்காலியில் ஏறி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். சுரண்டினேன். அடியில் எழுத்து தெரிந்தது. தடிதடியாக, கொம்பும் வாலும் வைத்த சீமை எழுத்து. ஒரு மூலையில் சின்னதாகச் சாய டப்பா ஒன்றின் படம்.

“ஏத்தா! சாமி மேல துணியப் போட்டு என்னத்தச் சொரண்டுற?” என்று மாமியார் பின்னால் வந்து நின்றார்.

“சாமிக்குப் பேரு போட்டிருக்கு அத்தை. பாக்கிறேன்.”

“அவுக பேரு அவுகளுக்குத் தெரியும். நீ எறங்கு.”

மாமனாரிடம் சாய டப்பாவைக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, “எங்கப்பா அருப்புக்கோட்டையில நெசவுக்காரவுகளுக்கு நூல் சாயப் பவுடர் ஏவாரம் பாத்தாரு. பெட்டி கணக்குல எடுத்தா கம்பெனிக்காரன் இனாமா ஒரு படம் குடுப்பானாம்” என்றார். கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார்.

“காரியாபட்டிக்காரவுக?”

“அவுகளும் அந்தக் காலத்துல சாயப் பவுடர்தான்.”

அட கடவுளே! மதுரையில் ஒரே ஏஜண்டிடம் சரக்கெடுத்த இரண்டு வியாபாரிகள், ஆளுக்கொரு இனாம் படத்தை வாங்கி வந்து, ஆளுக்கொரு பெயர் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்த இனாம் இப்போது இரண்டு பேரை அண்ணன் தங்கச்சி ஆக்கிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். காரியாபட்டியில் பஸ் நின்றபோது அவள் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. தங்கராசு கடை வாசலில்தான் நின்றான். நான் கையைக் காட்டினேன். அவன் எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல், ஸ்பேனர் பிடித்திருந்த கையைத் தூக்கினான்.

நான் படித்த கல்லூரியின் நூலகத்தில், ஐரோப்பிய ராஜ குடும்பங்களைப் பற்றிய ஒரு தலையணைப் புத்தகம். எழுத்தைப் பார்த்து வரைந்து கொண்டுபோன பெயரை வைத்துத் தேடினோம். மல்லிகாதான் முதலில் கண்டுபிடித்தாள். “மதினி, அய்யா!” என்று அவள் கத்திய சத்தத்தில் நூலகர் எழுந்து வந்துவிட்டார்.

அய்யாவின் வரலாறு

அய்யா ஜெர்மனியில் ஒரு குட்டி ராஜ்ஜியத்து இளவரசர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். ராஜ்ஜியம் என்றால், காலையில் குதிரையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் அடுத்த ராஜாவின் எல்லைக்குள் போய்விடுகிற அளவு. நம் தாலுகா அதைவிடப் பெரிசு. பெயர் மட்டும் ரயில் மாதிரி நீளம். அதை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் முடிந்துவிடும்.

வீட்டுக்கு மூன்றாவது பிள்ளை. மூத்தவனுக்கு நாற்காலி, இரண்டாமவனுக்குத் தேவாலயம், மூன்றாமவனுக்குக் குதிரை. மீசை முளைக்கும் முன்பே குதிரைப்படையில் சேர்த்துவிட்டார்கள். முதல் சண்டையில் இவருடைய குதிரை வெடிச்சத்தத்தில் மிரண்டு வேறு பக்கமாக ஓடியிருக்கிறது. அது போய் நின்ற இடம் எதிரியின் பின்பக்கம். பக்கவாட்டில் பாய்ந்த வீரர் என்று பதக்கம் குத்திவிட்டார்கள். குதிரைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அடுத்த சண்டையில் ஒரு ஊரை வளைத்துக்கொண்டு குளிர்காலம் பூராவும் வெளியே உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயத்தில் அவருக்குக் கடுமையான பல்வலி. புத்தகத்தில் சண்டையைவிடப் பல்வலிக்குத்தான் அதிக வரிகள் இருந்தன. நடுவில் எங்கோ ஒரு தேசத்தில் ராஜா இல்லை, வருகிறீர்களா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்டி கட்டிய பிறகு அண்ணன் போகக் கூடாது என்றுவிட்டார். பெட்டியை அவிழ்த்துவிட்டார்.

சொந்தத்திலேயே கல்யாணம். அந்த அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. பட்டமும் வீடும் அண்ணன் மகனுக்குப் போயின. கடைசிக் காலத்தில் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்ன வெந்நீர் ஊற்று இருக்கிற ஒரு வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி, அங்கேயே செத்துப்போனார்.

அவ்வளவுதான் அய்யா. சாயக் கம்பெனிக்காரன் ஊர் இளவரசர் படம் என்று அச்சடித்துக் கப்பலில் ஏற்றியிருக்கிறான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மல்லிகா கேட்டாள். “அப்ப இவுக சாமியே இல்லையா மதினி?” சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அழுதாள். சின்னப் பிள்ளையிலிருந்து பரீட்சைக்கு முன்னால் இந்த மீசையைத்தான் கும்பிட்டிருக்கிறாள்.

எத்தனை பிள்ளை?

காரியாபட்டிக்காரர்களை மறுபடி வரவழைத்தோம். என் வீட்டுக்காரர் தன் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம், நேரில் போய் அவர்களைக் கூட்டி வந்ததுதான். வந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய மௌனத்துக்குத் திரும்பிவிட்டார்.

நான் ஜெராக்ஸை விரித்து வைத்தேன். அதே குதிரை, அதே மீசை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற குரலில் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன்.

பெரியப்பா காதைக் குடைந்துகொண்டே கேட்டார். “சரித்தா. ஜெர்மனில இருந்து வந்தாகன்னே வச்சுக்கிருவோம். சிவன் கைலாசத்துல இருக்காரு. அதுக்காக அவரு நமக்குச் சாமி இல்லேன்னு ஆயிருமா?”

“இவர் சாமி இல்லீங்க. ராணுவத்துல வேலை பாத்தவர்.”

“கருப்பன் மட்டும் என்ன பேங்குலயா வேலை பாத்தாரு? காவக்காரருதான்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “பல்வலியில அழுத மனுசனைப் போய்ப் பாட்டன்னு சொல்லி, ரெண்டு பேர் வாழ்க்கையில மண்ணப் போடுறீங்களே, இது நல்லாருக்கா?” என்று கத்தினேன். அந்த வீட்டில் மருமகள் கத்தி அன்றைக்குத்தான் கேட்டார்கள். தங்கராசு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மல்லிகாவின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

மாமியார் என்னை அடக்கப் போகிறார் என்று பார்த்தால், வேறு ஒன்று கேட்டார்.

“அவுகளுக்கு எத்தனை புள்ளைக?”

“பிள்ளை இல்லை அத்தை.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லை. பொண்டாட்டியும் இல்லை. கடைசியில பக்கத்துல யாருமே இல்லை.”

மாமியார் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பாவின் சுண்டுவிரல் காதிலேயே நின்றது. ஜெர்மனி அவரை அசைக்கவில்லை. பல்வலி அசைக்கவில்லை. இது அசைத்துவிட்டது.

“புள்ளையே பெறாதவுக எப்பிடிப் பாட்டனாக முடியும்?” என்று அவரே மெதுவாகச் சொன்னார். “பாட்டன் இல்லேன்னா... பங்காளியும் இல்ல.”

கதவுக்குப் பின்னால் வளையல் மறுபடி சத்தம் போட்டது. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தார்.

“அய்யோ, கொள்ளி போட ஆளில்லாமலா போனாக! பெறாட்டி என்ன? இம்புட்டு வருசமாப் படையல் போட்டது நாமதான? நாமதான் அவுக புள்ளைக!”

“அதானே!” என்றார் என் மாமனார், உணர்ச்சிவசப்பட்டு.

போச்சுடா. இரண்டு வீடும் பிள்ளைகள் என்றால் மறுபடி பங்காளி. எனக்கு அந்த ஜெராக்ஸாலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சீர்

மாமியார் எழுந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஆணியிலிருந்து படத்தைத் தூக்கி இறக்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏலா, என்னடி பண்ற? எங்கப்பா மாட்டுன படம்!” என்று மாமனார் பதறினார்.

“ஒங்கப்பா மாட்டுனாரு. நான் எறக்குறேன். ஒமக்குப் பொண்ணு வேணுமா, படம் வேணுமா?”

மாமியார் சம்பந்தி அம்மாவைப் பார்த்தார்.

“மதினி, எங்க அய்யாவ எம் பொண்ணுக்குச் சீராக் குடுத்துட்டேன். இனி அவுக ஒங்க வீட்டு ஆளு. ஒங்களுக்குப் பாட்டன், எங்களுக்குச் சம்பந்தி. எங்களுக்கு இந்தா, நடந்துபோற தூரத்துல பூமிநாதரு இருக்காரு. அவரு போதும். இப்பச் சொல்லுங்க, இது பங்காளி வீடா, சம்பந்தி வீடா?”

சட்டப்புத்தகம் எழுதினவன்கூட இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெரியப்பா இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்து யோசித்தார். கடைசியில், “சம்பந்தி வீடுதான்” என்றார். “கேசரி இருக்கா?” என்றும் கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி” என்றார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. சீர் ஏற்றின டெம்போவில் கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, பித்தளை அண்டா எல்லாம் ஏறின. படத்தைச் சாமான்களோடு போடக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அதைப் புது வேட்டியில் சுற்றி, பெண்ணும் மாப்பிள்ளையும் போகிற காரில் மல்லிகாவின் மடியில் வைத்தோம். முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

மல்லிகா அழுது அழுது மை கரைந்து கிடந்தாள். நான் அழுதேன். மாமனார், படையல் இல்லாத நாளிலேயே கண் சிவந்து நின்றார். மாமியார் மட்டும் அழவில்லை. சாப்பாட்டுக்கூடையை உள்ளே வைத்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். டிரைவரிடம், மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். மாமியார் சட்டென்று ஜன்னலுக்குள் தலையை விட்டு, மகளின் மடியில் இருந்த அந்த மீசைக்காரரின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். வேட்டியைக் கொஞ்சம் விலக்கிவிட்டார்.

“அய்யா, அசலூருல யாருமில்லாம இருக்கிறது எப்பிடின்னு ஒங்களுக்குத் தெரியும்” என்றார். “எம் பிள்ளையப் பாத்துக்கிருங்க.”